ஊரிக்கே எடுத்த ரத்தம்

“…அப்படின்னா எங்க ரத்தத்த ஊரிக்கேதான் எடுத்துட்டுப் போனீங்களா, அக்கா?”

போனில் இதைக் கேட்டவள் கோதாவரிக்கு அப்பால் மலைமேல் இருக்கும் ஒரு சின்ன ஊரின் ஆஷா பணியாளர், அரசாங்கம் ஊருக்கு ஒருவராக வைத்திருக்கிற சுகாதாரப் பெண். நான் சனத்நகரில் என் வீட்டுச் சமையலறையில், அடுப்பை அணைத்துவிட்டு, குக்கர் மூடியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தேன். அவள் பேசியது தெலுங்கு. என் ஞாபகத்தில் அது தமிழாகத்தான் தங்கியிருக்கிறது, அந்த ஒரு சொல்லைத் தவிர.

அந்தச் சொல்லோடு எனக்குப் பழைய சகவாசம் உண்டு. கல்யாணமாகிக் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஹைதராபாத் வந்த புதிதில், காய்கறி வண்டிக்காரர் ஒரு கொத்து கறிவேப்பிலையை என் பைக்குள் போட்டு, “ஊரிக்கேம்மா, ஊரிக்கே” என்றார். எனக்கு அது ‘ஊருக்கே’ என்று காதில் விழுந்தது. ஊருக்கே கறிவேப்பிலை கொடுக்கிற மகராசன் என்று வீட்டுக்கு வந்து புகழ்ந்து தள்ளினேன். என் வீட்டுக்காரர் இங்கே ஒரு பட்டறையில் லேத் ஓட்டுபவர், எனக்கு முன்னாலேயே வந்து தெலுங்கு பழகியவர். “ஊருக்கே இல்லட்டி. சும்மா வச்சுக்கோன்னு சொல்லுதான்,” என்று சொல்லிவிட்டு அந்த வாரம் முழுக்க என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்தார்.

நம் ‘சும்மா’ பார்க்கிற வேலையை எல்லாம் இங்கே ‘ஊரிக்கே’ பார்க்கும். காசு வாங்காமல் கொடுத்தாலும் ஊரிக்கே. காரணமில்லாமல் உட்கார்ந்திருந்தாலும் ஊரிக்கே. பாடுபட்டது வீணாய்ப் போனாலும் அதே சொல்தான். சொல்கிறவர் குரலை வைத்துத்தான் எது என்று பிடிக்க வேண்டும். அன்றைக்குப் போனில் அவள் குரலைப் பிடிப்பதற்கு எனக்குக் கஷ்டமே இருக்கவில்லை.

நான் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை. தெலுங்கைக் காய்கறி வண்டியிடமும், உருதுக் கலப்பு இந்தியை ஆட்டோக்காரர்களிடமும், இங்கிலீஷை டிவியிடமும் கற்றுக்கொண்டேன். ஜனங்கள் போகிற போக்கில் சொல்வதை மனசில் போட்டு வைத்துக்கொள்வது என் வழக்கம். சார்மினார் பக்கம் வளையல் விற்கிற ஒரு பாய், பேரம் பேசுகிறவர்களிடம், “விலைய அப்புறம் பேசலாம் அம்மா, முதல்ல கைய நீட்டு, கைக்குப் பிடிச்சா வாய் தானா குறையும்” என்பார். இந்த மாதிரி ஒன்று கிடைத்தால் எனக்கு அன்றைக்குப் பொழுது போய்விடும். என் மகள் இங்கேயே படித்தவள். நான் தமிழில் ஒன்று கேட்டால் தெலுங்கில் பதில் சொல்வாள். “நுவ்வு மாட்லாடகுண்டா உண்டலேவா அம்மா?” என்பாள். பேசாமல் இருக்க முடியாதா உன்னால் என்று அர்த்தம். முடியாது என்பதுதான் என் பதில், அதையும் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

அந்த வாய்தான் எனக்கு வேலை வாங்கித் தந்தது. ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியில் அட்டைப்பெட்டி ஒட்டுகிற பிரிவில் இருந்தேன். போக வர ஷேர் ஆட்டோ. அதே ஆட்டோவில் ஒரு பெண் வருவாள். தமிழ்ப் பெண், ஆனால் பிறந்தது வளர்ந்தது இங்கே. அப்பா மத்திய அரசாங்கத்தின் ஏதோ ஒரு பெரிய தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவள் ஆராய்ச்சிப் படிப்பு முடித்தவள் என்பதால் எல்லோரும் டாக்டர் என்பார்கள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. நான் ஆட்டோவில் எல்லோரிடமும் வாயடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். ஒருநாள் இறங்கும்போது, “உங்க வாய் இங்க வேஸ்ட் ஆகுது அக்கா. நான் ஒரு கம்பெனி ஆரம்பிக்கறேன். வந்துடுங்க,” என்றாள்.

போனேன். ஹப்சிகுடாவில் ஒரு பேக்கரிக்கு மேலே மாடியில் ஆபீஸ். அவளும் அவள் கூடப் படித்தவர்களும் சேர்ந்து ஒரு மெஷின் செய்திருந்தார்கள். ஹாட்பாக்ஸ் அளவுதான் இருக்கும். பேட்டரியில் ஓடும். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, மருந்து கலந்த சின்னக் குழாயில் விட்டு, மெஷினுக்குள் செருகி மூடினால், உள்ளே சூடாகி, ஒரு சமையல் முடிகிற நேரத்தில் முடிவு தெரிந்துவிடும். ரத்தத்தில் மலேரியாக் கிருமி இருந்தால் குழாய் பச்சையாய் ஒளிரும். இல்லாவிட்டால் மங்கலாய்க் கிடக்கும்.

எனக்கு முதலில் புரியவில்லை. காய்ச்சல் வந்தால் பார்ப்பதற்குத்தான் அரசாங்கமே கிட் கொடுத்திருக்கிறதே, ஆஷா பணியாளர்கள் பையிலேயே வைத்திருக்கிறார்களே என்று கேட்டேன்.

“அது காய்ச்சல் வந்தவங்களுக்கு அக்கா. நம்ம மெஷின் காய்ச்சல் வராதவங்களுக்கு,” என்றாள் டாக்டர்.

“வராதவனுக்கு எதுக்குட்டி பரீட்சை?”

அவள் பொறுமையாகச் சொன்னாள். மலைக்காடுகளில் சிலருக்கு மலேரியா உடம்புக்குள் இருக்கும், வெளியே ஒன்றும் காட்டாது. நன்றாகச் சாப்பிடுவார்கள், விறகு வெட்டுவார்கள், கல்யாணத்தில் ஆடுவார்கள். கிருமி அவ்வளவு கொஞ்சமாக இருப்பதால் கிட்டில் கோடு விழாது. ஆனால் கொசுவுக்கு அதுவே போதும். அவரைக் கடித்த கொசு அடுத்த வீட்டுக் குழந்தையைக் கடிக்கும். குழந்தைக்குக் காய்ச்சல் வரும். எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. அந்த மறைந்து கிடக்கிற கிருமியின் தடயத்தை, அது துளியூண்டு இருந்தாலும், இந்த மெஷின் பல மடங்காகப் பெருக்கிக் காட்டிவிடும். அங்கேயே, அந்த ஊரிலேயே, அன்றைக்கே. ரத்தத்தை ஹைதராபாத்துக்குக் கொண்டுவர வேண்டியதில்லை.

“அன்னைக்கேங்கிறதுதான் அக்கா நம்ம பலமே,” என்றாள்.

என் கழுத்தில் ஒரு அட்டையை மாட்டிவிட்டாள். அதில் என் பெயருக்குக் கீழே இங்கிலீஷில் நீளமாக ஒரு பதவி. ஊர் ஜனங்களிடம் பேசுகிற வேலைக்குத் தலைவி என்று அர்த்தமாம். வீட்டுக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “வீட்ல பண்ணுதத வெளிய பண்ணுததுக்குச் சம்பளமா?” என்றார்.

டாக்டருக்கு அம்மா இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். தரையில் உட்கார்ந்து, என் புளிக்குழம்பை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, என் மகளின் தலையணையைப் பிடுங்கிக்கொண்டு தூங்குவாள். நான் அவளை ஏட்டி என்றுதான் கூப்பிடுவேன். அவள் நண்பர்கள் அதைக் கேட்டு அவளை அதே பெயரில் கிண்டல் செய்ய ஆரம்பித்தார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது என்று நினைத்தேன். இப்போதும் பிடித்திருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

முதலில் போன மலை ஊரில் எல்லாம் சொன்னபடி நடந்தது. மெஷினில் ஒரு கண்ணாடி ஜன்னல் உண்டு. அதைச் சுற்றிக் குழந்தைகள் கூட்டமாக உட்கார்ந்துவிட்டன. குழாய் ஒளிர்ந்ததும் ஒரு குழந்தை “மிணுகுரு” என்றது. தெலுங்கில் மின்மினி. அதோடு அந்த மெஷினுக்கு மிணுகுருப் பெட்டி என்று பெயராகிவிட்டது. யாருடைய குழாய் ஒளிர்ந்ததோ அவருக்கு அங்கிருந்த நர்சம்மா பொழுது சாய்வதற்குள் மாத்திரை கொடுத்துவிட்டார்.

இரண்டாவதாகப் போனது போனில் பேசிய இவளுடைய ஊர். அங்கே ஆஷா பணியாளர் என்றால் வெளியூர்க்காரி இல்லை, அந்த ஊரிலேயே பிறந்து அந்த ஊரிலேயே கட்டிக்கொண்டவள். அவள் வாசலில் போய் நின்றால் கதவு திறக்கும். வேறு யார் போனாலும் உள்ளே பாத்திரச் சத்தம்கூட நின்றுவிடும். அவள் முன்னே போக, நான் பின்னே போய்ப் பேசினேன்.

“பரீட்சை ஊரிக்கே, மந்து ஊரிக்கே,” என்று வாசல் வாசலாகச் சொன்னேன். பரிசோதனைக்கும் காசில்லை, மருந்துக்கும் காசில்லை. அவர்களுக்குள் அவர்கள் பேசுவது வேறு மொழி, ஆனால் தெலுங்கு எல்லோருக்கும் புரியும். என் தெலுங்குதான் அவர்களுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது.

ஒரு பெரியவர் மட்டும் விரலை மடக்கி வைத்துக்கொண்டு நியாயம் கேட்டார். “எனக்குள்ள நோய் இருந்தா எனக்குத் தெரியாம அது எங்க படுத்துத் தூங்குது?”

நான் எங்கள் சனத்நகர் கணக்கில் சொன்னேன். வாடகை பாக்கி வைத்தவன் வீட்டுச் சொந்தக்காரர் காதில் விழாமல் நடக்கிற மாதிரி உள்ளே நடமாடும் என்றேன். அவர் முழித்தார். அந்த ஊரில் யாரும் யாருக்கும் வீடு வாடகைக்கு விட்டதே இல்லை. ஆஷா பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு கூரையில் சத்தம் போடாமல் இருக்கிற எலியைச் சொன்னேன். “அப்படிச் சொல்லு,” என்று விரலை நீட்டினார்.

ஆஷா பெண்ணின் தங்கை கர்ப்பமாக இருந்தாள். முதல் பிள்ளை. வயிறு நன்றாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. காய்ச்சல் இல்லை, ஒன்றுமில்லை, ஆனால் முகம் வெளுத்திருந்தது. அந்த வாரம் அடிவாரத்துக்கு ஒரு ஜீப் போவதாக இருந்தது. அதில் அவளை ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ரத்தம் காட்டிவிட வேண்டும் என்று அக்காக்காரி ஏற்பாடு செய்து வைத்திருந்தாள்.

“மெஷின் வந்திருக்கே, இதுல பார்த்தா போதுமா அக்கா? ஜீப்புல குலுங்கணுமேன்னு பார்க்கறேன்,” என்று என்னைக் கேட்டாள்.

நான் திரும்பி டாக்டரைப் பார்த்தேன். அவள் தெலுங்கு அறிந்தவள். எல்லாம் கேட்டுக்கொண்டுதான் குழாய்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். தலையை ஆட்டினாள். இன்றைக்கும் அந்தத் தலையாட்டலைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். குழாய் சரியாக நிற்கிறதா என்று தனக்குத்தானே ஆட்டினாளா, எனக்கு ஆட்டினாளா? நான் எனக்கு என்று எடுத்துக்கொண்டேன்.

“ஆஸ்பத்திரிக் கிட்ல தெரியாததுகூட இதுல தெரியும். சாயங்காலத்துக்குள்ள சொல்லிருவோம். இருந்தா நீயே மாத்திரை குடுத்திரலாம்,” என்றேன். ஜீப் தங்கை இல்லாமல் போயிற்று.

இந்த முறை மெஷினின் ஜன்னலில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. குழந்தைகளுக்கு ஏமாற்றம்.

“ஏட்டி, எதுக்கு இந்தக் கறுப்பு?” என்று கேட்டேன்.

“புது மருந்து அக்கா. வெளிச்சம் பட்டா கெட்டுப்போகும். மெஷினே உள்ள படிச்சு வச்சுக்கும். சிக்னல் கிடைச்சதும் ஆபீஸுக்கு அனுப்பிடும், அங்க செக் பண்ணி நமக்கு போன்ல சொல்லிடுவாங்க. சாயங்காலம் வந்துடும்னு சொல்லிடுங்க.”

சொன்னேன். அந்த ஊரில் சிக்னல் கிடைக்கிற இடம் ஒரு பாறை. பொழுது இறங்கும்போது ஆஷா பெண் அதன்மேல் ஏறி உட்கார்ந்தாள். கீழே பத்திருபது பேர் குந்தியிருந்தார்கள். தங்கை பாறைக்கு முதுகைச் சாய்த்துக்கொண்டு, “எனக்கு ஒண்ணுமில்லைன்னு எனக்குத் தெரியும், இவதான் பயப்படுறா,” என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள். நானும் அவர்களோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். போன் வரவில்லை. ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

காலையில் டாக்டர் சோர்ந்த முகத்தோடு வந்தாள். “மருந்து பேட்ச் கெட்டுப்போச்சு அக்கா. எல்லாம் வேஸ்ட். ஸாரி சொல்லிடுங்க. மழை முடிஞ்சதும் மறுபடி வரலாம்.”

அதையும் நான்தான் சொன்னேன். யாரும் கோபப்படவில்லை. அந்தப் பெரியவர், “பெட்டியும் மனுஷன் மாதிரிதானே, ஒருநாள் முடியாம போகும்,” என்று எனக்கே ஆறுதல் சொன்னார். அதை வெகு அழகான பேச்சு என்று ஹைதராபாத் திரும்புகிற வழியெல்லாம் எண்ணிக்கொண்டு வந்தேன்.

பிறகு மழை பிடித்தது. ஓடை ஏறி வழி அடைத்துக்கொண்டது. தங்கைக்குக் குளிர் கண்டது, காய்ச்சல் கொதித்தது. இந்த முறை கிட்டிலேயே பட்டென்று கோடு விழுந்திருக்கிறது. அக்கா மாத்திரை கொடுத்தும், ரத்தம் அதற்குள் ரொம்பக் குறைந்துவிட்டதால், கட்டிலைக் கம்பில் கட்டித் தூக்கிக்கொண்டு ஓடையைத் தாண்டியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் பிள்ளை முன்கூட்டியே பிறந்துவிட்டது. பெண் குழந்தை. உள்ளங்கையில் அடங்கும் என்றாள் ஆஷா பெண் போனில். பிழைத்துவிட்டது, ஆனால் பால் குடிக்கத் தெம்பில்லை. “அன்னைக்கு மட்டும் பெட்டி கெடாம இருந்திருந்தா,” என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. “மெஷின் கெட்டதுக்கு யாரு என்னம்மா செய்ய முடியும்?” என்று அவளைத் தேற்றினேன். மனதாரத் தேற்றினேன்.

இதெல்லாம் நடந்து சில மாதம் கழித்து, மெஷினின் பலனை அதிகாரிகளுக்கும் பணம் போடுகிறவர்களுக்கும் காட்ட ஒரு ஹோட்டலின் பெரிய ஹாலில் கூட்டம் என்று டாக்டர் என்னைப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வரச் சொன்னாள். கோட்டுப் போட்ட மனிதர்கள், ஏசிக் குளிர், எடுக்க எடுக்க வருகிற பிஸ்கட். என்னை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். திரையில் முதலில் நான் வந்தேன். அந்த மலை ஊர்ப் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்து, வாய் கொள்ளாமல் சிரிக்கிற படம். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அடுத்து இரண்டு ஊர்களின் படம், பக்கத்தில் பக்கத்தில். பெயர் இல்லை, ஏ என்றும் பி என்றும். டாக்டர் இங்கிலீஷில் பேசினாள். அவள் பேசுகிற இங்கிலீஷ் எனக்குப் புரியும், தினமும் கேட்பதுதானே. ஏ ஊரில் முடிவை அன்றைக்கே சொல்லி மாத்திரை கொடுத்தோம் என்றாள். பி ஊரில் முடிவை மெஷினுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, ‘வழக்கமான கவனிப்பு’க்கு விட்டோம் என்றாள். வழக்கமான கவனிப்பு என்றால் காய்ச்சல் வருகிறவரைக்கும் காத்திருப்பது. காய்ச்சல் வந்தபின் கிட், கோடு விழுந்தால் மாத்திரை.

பி ஊரில் புள்ளிகள் இருந்தன. ஒவ்வொரு புள்ளியும் ஒரு ஆள். மெஷின் பச்சை காட்டிய ஆட்கள். அடுத்த படத்தில் மழைக்காலம். புள்ளிகளில் சில சிவந்து, பக்கத்தில் புதிய சிவப்புப் புள்ளிகளும் முளைத்தன. ஒரு புள்ளிக்கு மட்டும் ஓரத்தில் சின்ன எழுத்தில் ‘கர்ப்பிணி’ என்று போட்டிருந்தது. “தாயும் குழந்தையும் நலம்,” என்று டாக்டர் ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போனாள்.

நாங்கள் போனபோது அந்த ஊரில் ஒரே ஒரு கர்ப்பிணிதான் இருந்தாள்.

ஆக பேட்ச் கெடவில்லை. பாறைக்குக் கீழே அவள் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தபோது, கறுப்பு ஸ்டிக்கருக்குப் பின்னால் அவளுடைய குழாய் பச்சையாய் எரிந்துகொண்டிருந்திருக்கிறது. மாத்திரை அக்காக்காரியின் தோள்பையில் இருந்தது.

கடைசியில் டாக்டர் என் பக்கம் கையை நீட்டி, இந்த அக்கா இல்லாவிட்டால் ஒரு கதவுகூடத் திறந்திருக்காது என்றாள். கைதட்டினார்கள். பழக்கதோஷம், நான் எழுந்து நின்று கும்பிட்டேன்.

மறுநாள் ஹப்சிகுடாவில் படியேறிப் போய் அவள் மேஜைக்கு முன்னால் நின்றேன். கீழே பேக்கரியில் எதையோ சுட்டுக்கொண்டிருந்தார்கள், மாடியெல்லாம் வெண்ணெய் வாசனை.

“பேட்ச் கெட்டுப்போச்சுன்னு சொன்னியே.”

“உக்காருங்க அக்கா. டீ சொல்லவா?”

“டீ நக்கோ, வேண்டாம். கெட்டுச்சா, கெடலயா?”

அவள் பேனாவின் மூடியைக் கழற்றி மறுபடி மாட்டினாள். “கெடல.”

“ஏன் என்கிட்ட சொல்லல?”

“சொல்லியிருந்தா நீங்க அங்க போய் வேற மாதிரி பேசியிருப்பீங்க. உங்களுக்கு நடிக்க வராது அக்கா. எனக்குத் தெரியாதா உங்களை?”

“தெரிஞ்சுதான செஞ்சிருக்க.”

“அக்கா, காய்ச்சலே இல்லாதவங்களுக்கு எதுக்கு மாத்திரைன்னு கவர்மெண்ட்ல மேல கேக்கறாங்க. குடுக்காத ஊர் ஒண்ணு இருந்தாதானே குடுத்த ஊருக்கு என்ன நல்லதுன்னு காட்ட முடியும்? இதைக் காட்டினா நாளைக்கு எல்லா மலைக்கும் மெஷின் போகும். அதுல எத்தனை கர்ப்பிணிங்க இருப்பாங்க, யோசிச்சுப் பாருங்க.”

“இதையே அந்த ஊர்ல சொல்லிக் கேட்டிருக்கலாம்லா.”

“கேட்டா யாரு சரின்னு சொல்லுவா?”

“அப்போ பதில் தெரிஞ்சுதான் கேக்காம வந்திருக்க.”

அவள் மெல்ல, “நாம அவங்ககிட்டேர்ந்து எதையும் எடுக்கலையே அக்கா. நாம போகலைன்னாலும் அந்த மாத்திரை கிடைச்சிருக்காது,” என்றாள்.

“நாம போகலைன்னா அந்தப் பிள்ள ஜீப்புல போயிருப்பா.”

அவள் கண் கலங்கியதைப் பார்த்தேன். நடிப்பு என்று சொல்ல மாட்டேன். எனக்கு அந்தக் கண்ணீரை என்ன செய்வது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் முந்தானையால் துடைத்துவிட்டிருப்பேன்.

“சரி, பச்சை வந்த மத்தவங்க பேரையாவது குடு. அந்தக் கிருமி இன்னமும் உள்ளதான இருக்கு?”

“பழைய ரிசல்ட் அக்கா. அதை வச்சு யாரும் இப்ப மாத்திரை குடுக்க மாட்டாங்க. மறுபடி எடுக்கணும். அடுத்த மாசமே போறோம், இந்தத் தடவை நிஜமாவே அன்னைக்கே குடுக்கறோம். கண்ணாடியத் தொறந்தே வைக்கிறேன். ஆனா நீங்க வரணும். நீங்க வந்தாதான் கதவு தொறப்பாங்க.”

“அவகிட்ட உண்மையச் சொல்லிட்டு வாரேன்.”

“சொல்லாதீங்க.” முதல் தடவையாக அவள் குரல் டாக்டர் குரலாக இருந்தது. “சொன்னா ஒருத்தரும் விரலை நீட்ட மாட்டாங்க. அப்புறம் அந்தக் கிருமி அங்கேயேதான் கிடக்கும். அடுத்த மழைக்கு அடுத்த பிள்ளை. நஷ்டம் எனக்கில்ல அக்கா, அவங்களுக்கு.”

படியிறங்கி வந்து மெட்ரோவில் ஏறியது ஞாபகம் இருக்கிறது. அவள் சொன்னது பொய் இல்லை, அதுதான் என்னை அறுத்தது. ஏமாற்றியவள் பொய்யாகவே பேசிக்கொண்டிருந்தால் வசதியாக இருந்திருக்கும். வாயை மூடிக்கொண்டு அடுத்த மாதம் போனால் கதவு திறக்கும், மாத்திரை கிடைக்கும். வாயைத் திறந்தால் மூடிக்கொள்ளும். நான் நின்று பேசிய அத்தனை வாசலுக்கும் அந்த ஆஷா பெண்தான் ஜாமீன் மாதிரி முன்னால் நின்றாள். அவள் தங்கைக்கே இப்படி ஆனபிறகும் ஊரார் அவளை ஒரு சொல் கேட்கவில்லை, ஏனென்றால் பெட்டி கெட்டுப்போயிற்று என்று அவளும் சொன்னாள். நான் சொன்னதைத்தான் அவளும் சொன்னாள்.

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார். பிறகு, “பேசாம இருன்னு நான் சொன்னா நீ இருக்கவா போற?” என்றார். மகள் அன்றைக்குப் பேசாமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை டாக்டர் வரவில்லை. நான் பழக்கத்தில் அவளுக்கும் சேர்த்து அரிசி போட்டுவிட்டேன்.

மலையடிவாரத்தில் வாரம் ஒருநாள் சந்தை கூடும். அன்றைக்கு அந்த ஊரே இறங்கி வரும். அங்கே சிக்னல் நன்றாகக் கிடைக்கும். எனக்கு ஆஷா பெண்ணிடம் பேச வேண்டுமென்றால் அந்த நாள்தான். காலையில் குக்கரை ஏற்றிவிட்டு, விசில் வந்ததும் அணைத்துவிட்டு, போனைப் போட்டேன்.

எடுத்ததும், “அக்கா,” என்றாள் சந்தோஷமாக. பின்னால் சந்தை இரைச்சல், கோழி சத்தம், யாரோ உப்பு விலை கேட்கிற சத்தம். தங்கையும் கூட வந்திருக்கிறாள், குழந்தையை மார்போடு கட்டித் தூக்கி வந்திருக்கிறாள், இப்போது கொஞ்சம் குடிக்கிறது என்றாள். “உங்க குரல் கேட்டதும் தலையத் திருப்புது பாருங்க,” என்றாள். அது எப்படிக் கேட்கும், போன் அவள் காதில்தானே இருக்கிறது. சும்மா எனக்காகச் சொன்னாள்.

நான் சொல்ல ஆரம்பித்தேன். என் தெலுங்கில் நான் இவ்வளவு மெதுவாகப் பேசியதே இல்லை. பெட்டி கெட்டுப்போகவில்லை என்றேன். கறுப்பு எதற்கு ஒட்டியிருந்தது என்று சொன்னேன். அன்றைக்கே உன் தங்கையின் குழாயில் பச்சை வந்துவிட்டது, அது ஹைதராபாத்துக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியாது, உனக்குச் சொல்லவில்லை என்றேன். அடுத்த மாதம் மறுபடி வருகிறார்கள், இந்த முறை மாத்திரை உண்மையிலேயே கொடுப்பார்கள், எடுத்துக்கொள்வது நல்லது, கிருமி உள்ளே இருப்பது நிஜம் என்றும் சொன்னேன். எது முன்னால் வர வேண்டும், எது பின்னால் வர வேண்டும் என்று தெரியாமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

நான் முடித்தபின்தான் கேட்டாள், ரத்தத்தை ஊரிக்கேதான் எடுத்துக்கொண்டு போனீர்களா என்று.

“ஆமாம்மா,” என்றேன் தமிழில். தெலுங்கு வரவில்லை.

வைத்துவிட்டாள் என்று நினைத்துப் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். வைக்கவில்லை. மறுபடி காதில் வைத்தபோது அவள் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தாள், எனக்குத் தெரியாத அவர்கள் மொழியில். முதலில் தங்கையை என்று நினைக்கிறேன். அப்புறம் இன்னொருவரை, அப்புறம் இன்னொருவரை. செருப்பில்லாத கால்கள் மண்ணில் வருகிற சத்தம், யாரோ என்ன என்று கேட்கிற சத்தம், அந்தப் பெரியவரின் இருமல், ஒரு குழந்தையின் மெல்லிய சிணுங்கல். பிறகு என் மூச்சுச் சத்தமே எனக்குத் திரும்பி வந்து விழுந்தது. அவள் போனை ஸ்பீக்கரில் போட்டு, அவர்கள் எல்லோருக்கும் நடுவில் நீட்டிப் பிடித்திருந்தாள்.